முக்கால் குதிரை

அன்புள்ள மணி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கே இன்னும் பதில் எழுதவில்லை, திட்டுவதாக இருந்தால் மொத்தமாகத் திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. சின்னவன் கணக்கில் உன் சாதனையை முறியடிக்கும் உத்தேசத்தில் இருக்கிறான். நம் கூட்டாளி ஒட்டடை வந்திருந்தான், அதே மாங்காய்க் கதைதான், இந்தத் தடவை அதில் நாய் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். வேலை, ஆற்றல், திறன் எல்லாம் கீழ் வகுப்பிலேயே முடிந்துபோன சமாச்சாரம் என்று பேர். திறன் என்றால் என்ன என்று கேட்டால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் "வேலை செய்யப்படும் வீதம்" என்கிறது. "அப்படின்னா?" என்று அடுத்ததாகக் கேட்டால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். எரிச்சலில் எல்லோரையும் மாடிப்படிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். டேப் வைத்து அளந்தோம், கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் மூன்றரை மீட்டர். எடை மிஷின் ஒன்று, என் போனில் ஸ்டாப்வாட்ச். எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் ஜூல், அதை விநாடியால் வகுத்தால் வாட், அவ்வளவுதான் கணக்கு.

முதலில் ஒரு ஒல்லிப் பையன், 38 கிலோ, அணில் மாதிரி மூன்றரை விநாடியில் ஏறிவிட்டான். 1330 ஜூல், 380 வாட். ஒரே கைதட்டல். அப்புறம் கிரிக்கெட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒருவன், 64 கிலோ, மாட்டேன் மாட்டேன் என்றவனைத் தள்ளிவிட்டார்கள். படி அதிர நாலு விநாடி. 2240 ஜூல், 560 வாட்! ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்றால் இவன் முக்கால் குதிரை. அந்த நிமிஷத்திலிருந்து அவன் பேரே அதுதான், அவனுக்கும் அதில் ஏகப் பெருமை. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும், சைக்கிள் வாத்தியார் நம்மைப் பார்ப்பாரே, அதே தினுசு.

குதிரை என்றால் எந்தக் குதிரை என்று ஒருத்தன் கேட்டான். ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினை விற்றது குதிரை கட்டி ஆலை ஓட்டிக்கொண்டிருந்தவர்களிடம், அதனால் இது எத்தனை குதிரைக்குச் சமம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குதிரை நிமிஷத்துக்கு 33,000 பவுண்டை ஓர் அடி உயரம் தூக்கும் என்று கணக்குப் போட்டார். அது கொஞ்சம் தாராளமான கணக்கு, சாதாரணக் குதிரை நாள் முழுக்க அப்படி இழுத்தால் படுத்துவிடும். நம் முக்கால் குதிரையும் ஐந்தாவது விநாடியே படியில் உட்கார்ந்துவிட்டது!

அவனையே மறுபடி ஆடி அசைந்து நாற்பது விநாடியில் ஏறச் சொன்னேன். "இப்ப என்ன ஆச்சு?" என்றால், கடைசியில் நின்ற ஒரு பெண், வாயே திறக்காதவள், "ஜூல் அதே 2240 தான் சார், வாட்டு 56 ஆயிடுச்சு" என்றாள். மாடிக்குப் போய்ச் சேர ஆகிற ஆற்றல் மாறவில்லை, எவ்வளவு வேகத்தில் அதைச் செலவழித்தான் என்பதுதான் மாறியது. இதற்குமேல் நான் என்ன பாடம் நடத்த?

இந்தக் கடிதமே அந்தப் பெண்ணைப் பற்றித்தான். நாலைந்து நாள் கழித்து வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். ராத்திரி லைட் போட்டுப் படிப்பதால்தான் கரண்ட் பில் எகிறுகிறது என்று அவள் அப்பா ஒன்பது மணிக்கெல்லாம் அணைத்துவிடுகிறாராம். அந்த லைட் 9 வாட் எல்.ஈ.டி. பல்பு. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அந்தக் கணக்கில் தினம் நாலு மணி நேரம் எரிந்தாலும் ரெண்டு மாசத்துக்கு 2.16 யூனிட், நோட்டில் போட்டுக் காட்டினாள். காலையில் அப்பா குளிக்க வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு 1500 வாட். தினம் அரை மணி நேரம்தான், ஆனால் ரெண்டு மாசத்துக்கு 45 யூனிட். "இதைச் சொன்னா ஏட்டுக்கணக்குன்னு திட்றார் சார்."

அப்பாவுக்கு மீட்டரைக் காட்டு என்றேன். முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்குமே, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வீட்டு மீட்டரில் யூனிட்டுக்கு 3200 துடிப்பு, அதாவது 3200 மினுக்கல், என்று அச்சடித்திருக்கிறது. ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல், அப்படியானால் ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல். விடிகாலையில் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, படிக்கிற லைட்டை மட்டும் போட்டு, அப்பாவை மீட்டர் முன்னால் நிற்க வைத்திருக்கிறாள். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ரெண்டு நிமிஷத்துக்கு மேல். மனுஷன் பாதியிலேயே மீட்டர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் ராடைப் போட்டிருக்கிறாள். விநாடிக்கு ஒன்றுக்கும் மேலே, சட் சட் சட்டென்று.

இப்போது ராத்திரி லைட் எரிகிறது. ஆனால் எனக்குத்தான் மனசு ஆறவில்லை மணி. அவளுக்கு இந்தக் கணக்கு வந்தது, பேசத் தைரியமும் வந்தது. எத்தனை வீட்டில் பெண்பிள்ளை படிக்கிற பல்புதான் முதலில் அணைகிறதோ! சூத்திரத்தில் நம்பரைப் போட்டு முழு மார்க் வாங்குகிற பிள்ளைகள் வீட்டு ஈபி கார்டைப் படிக்கத் தெரியாமல் வெளியே போவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ரொம்ப நீட்டிவிட்டேன். ஒன்று மட்டும் உனக்காகப் போட்டுப் பார்த்தேன். மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். 60 கிலோ ஆள் ஒரு தடவை ஏறினால் ஏறக்குறைய 50,000 ஜூல். அதாவது ஒரு யூனிட்டுக்கு உச்சிப் பிள்ளையாரை 72 தடவை தரிசிக்க வேண்டும். நம் உடம்பு தின்றதில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும், மீதி வியர்வையும் சூடும், அப்படிப் பார்த்தாலும் ஒரு தடவை ஏறச் சுமாராக ஒரு இட்லி போதும். நீ இறங்கியதும் எட்டு தின்பாயே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி?

உன்னிடம் கேட்க வேண்டியது ரெண்டு. வகுப்பில் ஒரு ஹெச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 0.746 யூனிட் என்று போடுகிறார்கள், மீட்டரோ ஒன்றுக்கு மேல் காட்டுகிறது. மோட்டார் மேல் ஒட்டிய தகட்டில் போட்டிருப்பது சுழலும் தண்டில் வெளிவருகிற திறன்தான், உள்ளே இழுப்பது அதைவிட அதிகம் என்று நான் சொன்னால் தலையாட்டுகிறார்கள், நம்பவில்லை. நாள் முழுக்க மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டுகிற நீ சொன்னால் நம்புவார்கள். லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு பீரியட் வா, கடையில் பிரித்துப் போட்ட மோட்டார் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வா, சூடு எங்கே வீணாகிறதென்று தொட்டுக் காட்டலாம். ரெண்டாவது, ஓடுகிற பழைய மீட்டர் ஏதாவது கிடைக்குமா என்று பார். பலகையில் மாட்டி வகுப்பிலேயே வைத்துவிடுகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். நீ வந்தால் மாடிப்படியில் உன்னையும் ஓடவிடுவதாக முக்கால் குதிரையிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஒழுங்காகச் செருப்பு போட்டுக்கொண்டு வா.

ராமு