சளி ஸ்லைடில் இரண்டு நிறம் உண்டே!

ஆசிரியருக்கு,

உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் தட்டை லென்ஸ் (தட்டையான தகட்டில் நுண்ணிய தூண்களை நட்டு ஒளியைக் குவிப்பது) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மழைக்காலத்தில் மைக்ராஸ்கோப் ஆப்ஜெக்டிவ்களில் (ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ்) பிடிக்கும் பூஞ்சையோடு மல்லுக்கட்டியவன் என்பதால், வளைந்த கண்ணாடியே வேண்டாத லென்ஸ் வருகிறது என்றால் சந்தோஷம்தான். ஆனால் மைக்ராஸ்கோப்புக்கு வேலையே இருக்காது என்கிற மாதிரி எழுதியிருப்பது கொஞ்சம் அதிகம்.

ஹார்வர்டில் ஃபெடரிகோ கபாஸோ குழுவினர் 2016-ல் செய்தது பெரிய காரியம், சந்தேகமில்லை. டைட்டானியம் டை ஆக்சைடு (வெள்ளை பெயின்டில் போடுவார்களே, அதேதான்) கொண்டு 600 நானோமீட்டர் உயரத்தில் தூண்களை நட்டு, ஒளியைக் குவித்துக் காட்டினார்கள். என்.ஏ. (நியூமரிகல் அபெர்ச்சர்) 0.8. எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை லென்ஸ் வாங்கிக்கொள்கிறது என்பதன் அளவு இது. கட்டுரை இதையெல்லாம் சரியாகவே சொன்னது. சொல்லாமல் விட்டது, அந்த லென்ஸ் ஒவ்வொன்றும் ஒரே ஒரு நிறத்துக்காக வடிவமைக்கப்பட்டது என்பதை. 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதாவுக்கு ஒன்று, 532 பச்சைக்கு ஒன்று, 660 சிவப்புக்கு ஒன்று.

காசநோய்க்குச் சளி பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஜீல்-நீல்சன் முறையில் சாயம் ஏற்றிய ஸ்லைடில் கிருமி சிவப்பாகவும் பின்னணி நீலமாகவும் தெரியும். அந்த இரண்டு நிறமும் ஒரே இடத்தில் குவிந்தால்தான் வேலை நடக்கும். தட்டை லென்ஸிலோ சிவப்பு லென்ஸுக்குப் பக்கத்திலும் நீலம் தள்ளியும் குவியும். கண்ணாடியில் இது தலைகீழ், அளவும் கொஞ்சம்தான். அதைச் சரிக்கட்டத்தான் ஆப்ஜெக்டிவுக்குள் வேறு வேறு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டுகிறார்கள்.

இதற்கும் வழி கண்டுபிடிக்காமல் இல்லை. அதே குழு 2018-ல் 470 முதல் 670 நானோமீட்டர் வரை ஒரே இடத்தில் குவிக்கும் லென்ஸை வெளியிட்டது. ஆனால் அதன் என்.ஏ. 0.2. இந்த அளவு கூடினால்தான் நுண்ணிய விவரம் பிரிந்து தெரியும். சாதாரண 10 எக்ஸ் ஆப்ஜெக்டிவுக்கே 0.25 இருக்கும். சளி பார்க்கிற 100 எக்ஸ் ஆயில் இம்மர்ஷனுக்கு (ஸ்லைடில் எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் ஆப்ஜெக்டிவ்) 1.25. 0.2-ஐ வைத்துக்கொண்டு ஒன்றரை மைக்ரான் அளவில்தான் பிரித்துப் பார்க்க முடியும். காசநோய்க் கிருமியின் அகலமோ அரை மைக்ரானைத் தாண்டாது.

ஒரே நிறம் போதும் என்கிற இடத்தில் தட்டை லென்ஸ் ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்டது. எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் என்ற சிப் நிறுவனம் 2022-ல் அறிவித்த, தூரம் அளக்கும் அகச்சிவப்பு சென்சார் அப்படிப்பட்டது. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

சரி, இதையாவது விட்டுவிடலாம். இந்த லென்ஸுக்கு அடிப்படை போட்ட நம் இயற்பியலாளர் பஞ்சரத்னத்தின் பெயரையே காணோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2016 லென்ஸில் தூண்களெல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றும் திரும்பி நிற்கும் கோணம் மட்டும்தான் வேறு. வட்டமுனைவு கொண்ட ஒளி (அதிர்வுத் திசை, அதாவது முனைவு, சுழன்றபடியே போகும் ஒளி) அதன் வழியே போகும்போது, தூண் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறதோ அதைப் போல இரண்டு மடங்கு ஒளியின் கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) மாறும். அரைச் சுற்றுத் திருப்பினால் முழு அலைக்குக் கணக்கு வந்துவிடும். இந்த மாற்றத்துக்குப் பெயரே பஞ்சரத்னம்–பெர்ரி கட்டம்.

சி.வி. ராமனின் சகோதரி மகன் பஞ்சரத்னம். பெங்களூரில் ராமனிடம் இருந்தபோது, படிகங்களில் ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர், 1956-ல், 22 வயதில், முனைவு மாறுவதால் மட்டுமே கட்டமும் மாறும் என்பதை எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1969-ல் ஆக்ஸ்போர்டில் இறந்தபோது வயது 35. பிரிஸ்டலில் இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி 1984-ல் குவாண்டம் இயற்பியலில் இதே போன்ற ஒன்றைக் கண்டார். இது பஞ்சரத்னம் சொன்னதாயிற்றே என்று இந்திய இயற்பியலாளர்கள் ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 1986-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எடுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டே பெர்ரி அதைத் தன் கட்டுரையில் முறையாக எழுதி அங்கீகரித்தார்.

பெர்ரிக்கு இருந்த அந்தப் பெருந்தன்மை தமிழ்ப் பத்திரிகைக்கும் இருக்கலாம். கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பஞ்சரத்னத்துக்கு ஒரு பத்தியும், கூடவே என்.ஏ. எவ்வளவு, எந்த நிறத்துக்கு என்ற இரண்டு விவரமும் சேர்த்துவிடுங்கள். படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி போதும்.

— ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், தஞ்சாவூர்