ஹகோனே சாவடியில் ஒரு கிழவி

மாப்ள,

உனக்குப் பதில் போட ஒரு மாசம் ஆகிவிட்டது, திட்டாதே. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், போன வாரம் இங்கே ஜப்பானில், ஹகோனே மலையில் பழைய தொக்காய்தோ நெடுஞ்சாலையில் பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்ததைத் தவிர. 1680-இல் ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவரின் அரசு பாவிய கல்சாலை அது.

சாமுராய் என்றால் எந்நேரமும் வாளை உருவிக்கொண்டு நிற்பவன் என்று எழுதியிருந்தாயே, 1638-இல் ஷிமாபாரா பகுதி விவசாயிகளின் கலகம் அடங்கிய பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் அவனுக்குப் பெரிய சண்டையே கிடைக்கவில்லை. தொகுகாவா வம்ச ஷோகன்கள் அதை எப்படிச் சாதித்தார்கள் என்பது இங்கே வந்தால்தான் புரிகிறது. தைம்யோ என்னும் சிற்றரசர்கள் சுமார் 260 பேர், ஒரு வருஷம் சொந்த ஊர், மறுவருஷம் ஷோகன் இருந்த ‘எதோ’ என்னும் நகரம் (இன்றைய டோக்கியோ) என்று மாறி மாறி இருக்க வேண்டும், மனைவியும் வாரிசும் மட்டும் எப்போதும் எதோவில்தான். 1635-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். பச்சையாகச் சொன்னால் பிணைக்கைதிகள். அதனால் சாலைச் சாவடிகளில் ரெண்டு விஷயத்தைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள்: எதோவுக்குள் வரும் துப்பாக்கி, எதோவை விட்டுப் போகும் பெண். ஹகோனேயில் பெண்களைச் சோதிக்கவே தனியாகப் பெண்கள் இருந்தார்கள். ஒரு கிழவி கொண்டையை அவிழ்த்து, கோதிப் பார்த்து, அனுமதிச் சீட்டில் எழுதிய அடையாளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாளாம். தப்பி ஓடும் சீமாட்டியாக இருந்தால் அங்கேயே அகப்பட வேண்டியதுதான்.

அப்புறம் செலவு. காகா நாட்டுச் சிற்றரசர்களான மாஏதா குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொக்கு அரிசி விளைவதாகக் கணக்கிட்ட நிலம், ஒரு கொக்கு என்பது ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அளவு, சுமார் 150 கிலோ. அந்த வீட்டு ஊர்வலத்தில் ரெண்டாயிரம் பேருக்கு மேல் நடப்பார்கள், வழியெல்லாம் சத்திரம், சாப்பாடு, கூலி. கஜானாவில் காசு தங்கினால்தானே கலகம் செய்ய!

எனக்குப் பிடித்த வேடிக்கை இனிமேல்தான். சாமுராய்க்குச் சம்பளம் அரிசியாக, அதுவும் தலைமுறை தலைமுறையாக ஒரே அளவு. அதைக் காசாக்க, ஷோகனின் நேரடி ஆட்கள் எதோவின் அசாகுசா பகுதி அரிசித் தரகர்களிடம் போக வேண்டும், அடுத்த வருஷ அரிசியை அடகு வைத்து இந்த வருஷமே கடன் வாங்க வேண்டும். ஏட்டில் வணிகன் கடைசிப் படி, சாமுராய் முதல் படி, ஆனால் தரகர் வீட்டு வாசலில் நிற்பது யார்? 1789-இல் அரசு பழைய கடன்களைத் தள்ளுபடி செய்தது, உடனே தரகர்கள் புதுக் கடன் கொடுக்கத் தயங்கினார்கள், போச்சா! கீழ்மட்ட சாமுராய்கள் வீட்டில் உட்கார்ந்து குடைக்குக் காகிதம் ஒட்டினார்கள். சாப்பிடாவிட்டாலும் சாமுராய் பல் குத்துவான் என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. வயிறு காலி, வாயில் குச்சி, இடுப்பில் ரெண்டு வாள்.

சரி, தை மாசம் ஊருக்கு வருகிறேன். அந்தக் கல்சாலைப் படங்களைக் கொண்டுவருகிறேன், நான் விழுந்த இடத்தையும் எடுத்திருக்கிறேன், சிரித்துக்கொள்.

உன்,
பழைய விடுதி அறைக்காரன்