எபெனேசர் என்று பெயர் வைக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் மகனுக்கு நம் அப்பா பெயரை வைக்க உனக்கு ஆசைதான், ஆனால் கார்டிஃபில் எபெனேசர் என்று சொன்னதும், டிக்கன்ஸ் கதையில் வரும் கஞ்சனை நினைத்து, "ஸ்க்ரூஜா?" என்று சிரிக்கிறார்கள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் கஷ்டப்படுவான் என்று எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு எபெனேசர் இருப்பதால் இதே கேள்வி வேறு பலருக்கும் இருக்கும், அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

பைபிளில் எபெனேசர் என்று ஒரு ஆள் கிடையாது. அது ஒரு கல். ஒன்று சாமுவேல் 7-ம் அதிகாரத்தில் இஸ்ரவேலரின் எதிரிகளான பெலிஸ்தர் தோற்று ஓடிய பிறகு தீர்க்கதரிசி சாமுவேல் ஒரு கல்லை எடுத்து மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவில் நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி அதற்கு வைத்த பெயர். எபிரெயத்தில் எபென் என்றால் கல், ஏசெர் என்றால் உதவி. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வருஷம் தவறாமல் கேட்கிற வசனம்தான், புது வீட்டு முகப்பில் பொறிப்பதும் இதைத்தான்.

ஆனால் இந்தப் பெயர் அதற்கு மூன்று அதிகாரம் முன்னாலேயே வந்துவிடுகிறது, அதை யாரும் பிரசங்கத்தில் இழுப்பதில்லை. 4-ம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடம் எபெனேசர், எதிரே ஆப்பெக்கில் பெலிஸ்தர். முதல் நாள் சண்டையில் நாலாயிரம் பேர் சாகிறார்கள், உடனே சீலோவிலிருந்து பத்துக் கட்டளைப் பலகைகள் உள்ள உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தால் ஜெயித்துவிடலாம் என்று கொண்டுவருகிறார்கள், மறுபடி சண்டை, முப்பதாயிரம் பேர் சாகிறார்கள், பெட்டியும் போய்விடுகிறது, ஆசாரியன் ஏலியின் இரண்டு மகன்களும் சாகிறார்கள், செய்தி கேட்ட 98 வயது ஏலி ஆசனத்திலிருந்து மல்லாக்க விழுந்து சாகிறார், அவருடைய மருமகள் பிரசவ வலியிலேயே பிள்ளைக்கு, மகிமை போய்விட்டது என்ற பொருளில், இக்கபோத் என்று பெயரிட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறாள். இவ்வளவும் எபெனேசரில் தொடங்கியது. இருபது வருஷத்துக்கு மேல் கழித்து ஜெயித்த பிறகு சாமுவேல் கல்லுக்கு வைக்கிற பெயரும் அதேதான். இரண்டும் ஒரே இடமாக இருக்க முடியாது, ஆப்பெக் கடலோரச் சமவெளி, மிஸ்பா எருசலேமுக்கு வடக்கே மலைநாடு. தோற்ற இடத்தின் பெயரைத் தெரிந்தேதான் ஜெயித்த இடத்துக்கு வைத்தார்கள் என்று பலர் வாசிக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. முதல் எபெனேசர் இதுவாக இருக்கலாம் என்று ஆப்பெக்குக்கு எதிரே இஸ்பெத் சர்தா என்ற இடத்தைச் சொல்கிறார்கள். 1976-ல் அங்கே தோண்டியபோது யாரோ அகரவரிசை எழுதிப் பழகிய ஒரு பானை ஓடு கிடைத்தது.

யூதர்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைப்பதாகத் தெரியவில்லை. அவர்களிடம் அது புத்தகப் பெயர். 16-ம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்கான் அருக் என்ற சட்டத் தொகுப்பின் நான்கு பாகங்களில் கல்யாணம், விவாகரத்து பற்றிய பாகத்துக்கு எபென் ஹாஏசெர் என்று பெயர். ஆதியாகமத்தில் ஏவாளை "ஏற்ற துணை" என்று சொல்கிற இடத்திலும் இதே ஏசெர்தான், அதனால் பொருத்தம்.

மனிதருக்கு வைக்க ஆரம்பித்தது 17-ம் நூற்றாண்டில் பியூரிட்டன்கள் என்ற இங்கிலாந்தின் கண்டிப்பான புராட்டஸ்டன்ட்காரர்கள். புனிதர்கள் பெயர் வேண்டாம் என்று பழைய ஏற்பாட்டைத் துருவினார்கள், கல்லைக்கூட விடவில்லை. அவர்களோடு பெயரும் அமெரிக்கா போனது. பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு எபெனேசர் என்று ஒரு அண்ணன், குழந்தையிலேயே இறந்துபோனவன். இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் தோட்ட நகரத்துக்கு யோசனை கொடுத்த எபெனேசர் ஹோவர்ட் லண்டன்காரர்தான். நைஜீரியா, கானாவில் இன்றைக்கும் சர்வசாதாரணமான பெயர், பாடகர் எபெனேசர் ஓபேயைக் கேட்டுப்பார்.

1843-ல் டிக்கன்ஸ் தன் கஞ்சக் கிழவன் ஸ்க்ரூஜுக்கு இதை முதல் பெயராக வைத்தார், அத்தோடு ஆங்கிலத்தில் பெயருக்குக் கெட்ட நேரம். கதை முடிவில் அந்த ஆள் திருந்தி, குமாஸ்தா வீட்டுக்குப் பெரிய வான்கோழி அனுப்பி, சம்பளத்தையும் உயர்த்துகிறான், அதை மட்டும் யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

ஆனால் தம்பி, நீ இருப்பது வேல்ஸில். அங்கே இந்தப் பெயரை வைக்கத் தயங்குவதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஊர் ஊராக எபெனேசர் சேப்பல் உள்ள நாடு அது. வடக்கே ஸ்லேட் குவாரிக்காரர்களின் டைனியோலென் என்ற ஊருக்கு, அங்கிருந்த சேப்பலை வைத்து, முன்பு எபெனேசர் என்றே பெயர். சிரிக்கிறவனிடம் "உன் தாத்தா எந்தச் சேப்பலுக்குப் போனார்?" என்று கேள். வேறு உதாரணம் வேண்டுமென்றால் அட்லாண்டாவின் எபெனேசர் பாப்டிஸ்ட் சபையைச் சொல்லு, மார்ட்டின் லூதர் கிங் தன் அப்பாவோடு சேர்ந்து போதகராக இருந்த இடம்.

எனக்கு இந்தப் பெயரில் பிடித்தது "இம்மட்டும்" என்பதுதான். இதுவரை உதவி கிடைத்தது என்கிறது, நாளைக்கு என்ன என்று வாக்குக் கொடுக்கவில்லை. ஜெயசீலன், வெற்றிச்செல்வன் என்று வைத்துவிட்டு அதற்கேற்ப வாழச் சொல்வதை விட இது பிள்ளைக்குச் சுமை குறைவு.

அதனால் வை. நடுப்பெயராக ஒளித்து வைக்கிற யோசனை வேண்டாம், முதல் பெயராகவே வை. வகுப்பில் எப்படியும் எபி என்று சுருக்கிவிடுவார்கள். அங்கே பிறப்பைப் பதிய 42 நாள்தான் கொடுப்பார்கள், அதற்குள் அம்மாவிடமும் பேசிவிடு. அவர்களுக்குக் கண் சாமுவேல் என்ற பெயர் மேல் இருக்கிறது, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை.

அன்புடன்,
அக்கா