ஊதிப் பார்ப்பது மட்டுமே தகுதிச் சோதனை ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சாலையில் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனையைக் கூடுதலாக நடத்தினால் போதும் என்ற கருத்தோடு அது முடிந்திருந்தது. ஓட்டுநர்களுக்கு மருத்துவத் தகுதிச் சான்று வழங்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஊதும் கருவி, அந்த வேளையில் ஒருவர் உடலில் எவ்வளவு மது இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைச் சிதைத்துவிடுவதால், முதல் நாள் மாலை அளவுக்கு மீறிக் குடித்தவர்கூட மறுநாள் பிற்பகலில் அந்தக் கருவியின் முன் குற்றமற்றவராக நிற்கலாம். சான்று கொடுக்கும் மருத்துவர் விடை காணவேண்டிய கேள்வி வேறு. கடந்த சில மாதங்களாக இவர் குடித்துவரும் விதம் இவருடைய பார்வையையும் நிதானத்தையும் நினைவையும் கெடுத்திருக்கிறதா, வண்டியை எடுக்கவேண்டிய நாளில் குடியைத் தள்ளிவைக்க இவரால் முடிகிறதா என்பதே அது.

அதற்கு முதல் வழி கேட்பதுதான். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்னும் படிவத்தில் 10 கேள்விகள் இருக்கின்றன. மொத்த மதிப்பெண் 40. எட்டோ அதற்கு மேலோ வந்தால், அந்தக் குடி தீங்கு தரும் எல்லைக்கு வந்துவிட்டதா என்று மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரே அமர்வில் எவ்வளவு, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, வீட்டார் யாராவது குறைத்துக்கொள்ளச் சொன்னார்களா என்பன போன்ற எளிய கேள்விகள்தான் அவை. ஆனால் பிழைப்பே ஸ்டியரிங்கில் இருக்கும்போது, ‘எப்போதாவது ஒருநாள்’ என்பதைத் தவிர வேறு பதிலை ஒருவரிடம் எதிர்பார்ப்பது கடினம். அதற்காக அவரைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையைச் சொன்னால் உரிமம் போய்விடும் என்ற அச்சத்தை நாம்தான் அவருக்கு உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே இரத்தப் பரிசோதனைகள் துணைக்கு வருகின்றன. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி கூடியிருப்பதை மட்டும் பார்த்து, ‘மிதமிஞ்சிய குடி’ என்று எழுதப்பட்டு வண்டியை விட்டு இறக்கப்பட்ட ஓட்டுநர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு இருந்ததோ நீரிழிவும் கொழுப்பு படிந்த கல்லீரலும். வலிப்புக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் அதே நொதியை உயர்த்தும். சிவப்பணுவின் பருமனைச் சொல்லும் எம்சிவி அளவும் அப்படித்தான். பி12 குறைந்தாலும் அது கூடும். இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தில் குடியால் ஏற்படும் மாற்றத்தை அளக்கும் சிடிடி என்ற சோதனை இவற்றைவிட நம்பகமானது. நாளொன்றுக்கு 50 முதல் 80 கிராம் வரை ஆல்கஹாலை இரண்டு வாரங்களாவது தொடர்ந்து குடித்தவரிடம்தான் பெரும்பாலும் அது உயரும். நிறுத்திய சில வாரங்களில் இறங்கிவிடும். பெத் எனப்படும் பொருளோ, உடலில் மது இருந்தாலொழிய உருவாகாது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை இரத்தத்தில் தங்கும். இவற்றில் எதுவுமே தனியாக நின்று தீர்ப்பு சொல்லத் தக்கதல்ல. ஓட்டுநர் சொன்னதையும், வீட்டார் சொன்னதையும், உடலைப் பார்த்தபோது கண்டதையும், சில வாரங்கள் இடைவெளிவிட்டு எடுத்த இரண்டு மூன்று இரத்த முடிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘எவ்வளவு போட்டாலும் ஆடமாட்டான்’ என்று சிலரைப் பெருமையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இரத்தத்தில் மது மிகுந்திருந்தும் ஒருவர் தடுமாறாமல் நடந்தால், அவர் உடல் அதற்குப் பழகிப்போய்விட்டது என்று பொருள். மருத்துவரைப் பொறுத்தவரை அது அடிமைத்தனத்தின் அடையாளம். தடுமாறாமல் நடக்கிறார் என்பதற்காக, எதிரே திடீரென்று ஒருவர் குறுக்கிடும்போது பிரேக்கை மிதிக்கும் வேகமும் குறையாமல் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படிப் பழகிப்போனவர், சான்றுக்குப் போகவேண்டும் என்பதற்காக இரண்டு நாட்களுக்கு முன் சட்டென்று குடியை நிறுத்திவிட்டு வருவதுதான் எனக்கு எப்போதும் மிகுந்த அச்சத்தைத் தந்தது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் அவருக்கு வலிப்பு வரக்கூடும். அதற்கடுத்த நாட்களில் மனக்குழப்பமும், இல்லாததைக் காணும் பிரமையும்கூட வரலாம். ஊதும் கருவி அவரிடம் பூஜ்ஜியம் காட்டும். ஒருமுறை என் எதிரே அமர்ந்து படிவத்தில் கையெழுத்திட்ட ஒருவரின் விரல்கள் பேனாவைப் பிடிக்க முடியாமல் நடுங்கின, நெற்றி வியர்த்திருந்தது. மூன்று நாட்களாகத் தொடவே இல்லை என்று அவர் பெருமையோடு சொன்னார், அது உண்மையும்கூட. அன்று அவர் தாமே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரை அப்படியே மருத்துவமனையில் சேர்த்தோம்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். தகுதிச் சோதனையில் ‘கடைசியாகக் குடித்தது எப்போது’ என்ற கேள்வியும், கை நடுக்கத்தைப் பார்ப்பதும் கட்டாயமாக வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரும் சான்று தரும் மருத்துவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கவேண்டும். இல்லையேல் நோயாளி வாய் திறக்கமாட்டார். தானாக முன்வந்து சிகிச்சைக்குச் செல்பவருக்கு, இத்தனை மாதங்கள் குடிக்காமல் இருந்து இன்னின்ன பரிசோதனைகளில் தேறினால் மீண்டும் வண்டி ஓட்டலாம் என்று முதல் நாளே எழுத்தில் கொடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ அலுவலர் ஒருவர்