உன் வாயால் வந்ததல்ல

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அம்மா, என் வாயாலதான் இது நடந்துச்சா?" என்றாய். "சே, அப்படியெல்லாம் இல்லை, நீ முதலில் தூங்கு" என்று பேச்சை முடித்துவிட்டேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

இல்லை, மகளே. உன் குழந்தை கலைந்தது உன் வாயால் அல்ல. முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு குரோமோசோம் கோளாறுதான் காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலும் கரு உருவாகிற நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிற காரியம் அது. உனக்கு எது காரணம் என்று யாரும் கண்டு சொல்லவில்லை. ஆனால் ஜெபக்கூட்டத்தில் "எனக்குப் பயமாயிருக்கிறது, இதுவும் தங்காதோ என்னவோ" என்று நீ அழுதது எந்தக் கணக்கிலும் வராது. அதை "அவிசுவாச அறிக்கை", வாயால் சொன்னதே பலித்துவிட்டது என்று உன்னிடம் சொன்ன சகோதரி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அவர்கள் சொன்னது தப்பு.

நீதிமொழிகள் 18:21-ஐத்தானே எடுத்துக் காட்டினார்கள்? "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்." சத்தியமான வசனம். ஆனால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பார். கோள் சொல்கிறவனின் வார்த்தை உள்ளத்துக்குள் போய்த் தைப்பது 8-ஆம் வசனத்தில். காரியத்தைக் கேட்குமுன் பதில் சொல்கிறவனின் புத்தியீனம் 13-ல். வழக்கிலே முதலில் பேசுகிறவன் நியாயக்காரன்போலத் தெரிவது 17-ல். கோபங்கொண்ட சகோதரனை வசப்படுத்துவது அரிது என்பது 19-ல். எல்லாமே மனுஷர் மனுஷரோடு பேசுகிற பேச்சு. அந்த நடுவில்தான், 14-ல், "முறிந்த ஆவி யாரால் தாங்கக்கூடும்?" என்ற கேள்வி நிற்கிறது. உனக்கு அன்றைக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டிய வசனம் அதுதான். "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்று சொல்லி வெளிச்சத்தை உண்டாக்கினவர் ஒருவர்தான். நம் நாவுக்கு உயிரும் சாவும் உண்டு என்றால், அது எதிரே நிற்கிறவரின் உள்ளத்தில் நடக்கிறது.

இன்னொரு வசனம் உண்டு. "விசுவாசித்தேன், ஆகையால் பேசுகிறேன்." சங்கீதம் 116:10. சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வசனம் அங்கே முடியவில்லை. "நான் மிகவும் வருத்தப்பட்டேன்" என்று அதே மூச்சில் தொடர்கிறது. விசுவாசித்தவன் வாயைத் திறந்து பேசினது தன் வருத்தத்தையும் சேர்த்துத்தான். 88-ஆம் சங்கீதமோ ஒரு விடிவும் வராமலே முடிந்துபோகிறது. அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள், யாரும் அடியில் ஓர் அல்லேலூயா சேர்க்கவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவரே "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷரிடம் வாய்விட்டுச் சொன்னார். அதை அவிசுவாசம் என்று யாராவது சொல்வார்களா?

நல்லதாகவே பேசினால் நல்லதே நடக்கும் என்றால், எரேமியா 28-ல் வருகிற அனனியா என்ற தீர்க்கதரிசிக்கு நடந்திருக்க வேண்டும். பாபிலோனுக்குச் சிறைபோனவர்களும் கொள்ளைபோனவையும் எல்லாம் இரண்டு வருஷத்தில் திரும்பிவரும் என்று எல்லாரும் கேட்க அறிவித்தான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் போட்டான். கேட்பதற்கு எவ்வளவு இனிமையான அறிக்கை! எரேமியாகூட, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். ஆனால் நடக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார்.

சரி, பிள்ளையில்லாமல் ஆலயத்தில் அழுது ஜெபித்த அன்னாளிடம் வருகிறேன். அவளுக்குப் பிள்ளை கிடைத்தது, உனக்கும் கிடைக்கும் என்று சொல்வதற்காக அல்ல. அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நான் நினைத்துக்கொண்டே இருந்தது அங்கே இருந்த ஆசாரியர் ஏலியை. அவள் உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அந்த வயதான ஆசாரியர், "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?" என்று கேட்டுவிடுகிறார். நொந்துபோய் வந்தவளை, அதுவும் தேவாலயத்தில் வைத்து, குடிகாரி என்கிறார். அவள் எழுந்து போய்விடவில்லை. "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ, கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். ஏலி அந்த இடத்திலேயே தன் வார்த்தையை மாற்றுகிறார். "சமாதானத்துடனே போ" என்கிறார். அவள் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறது. அப்போது அவள் கர்ப்பந்தரிக்கவும் இல்லை, வீட்டில் எதுவும் மாறவும் இல்லை. முகம் மாறிவிட்டது. வார்த்தையின் வல்லமை என்று யாராவது கேட்டால் நான் அந்த முகத்தைத்தான் காட்டுவேன்.

இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஏனென்றால் நேற்று நீ போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் என் காதில் விழுந்தது. பேரன் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் சிணுங்கினான். நீ போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ உருப்படவே மாட்டே" என்றாய். உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது. துக்கத்திலும் களைப்பிலும் வந்த வார்த்தை, உன்னைக் குறை சொல்ல நான் யார். ஆனால் அது உன் வார்த்தை இல்லை, மகளே. என்னுடையது. அதே இழுப்பு, கடைசிச் சொல்லில் அதே அழுத்தம்.

19 வருஷத்துக்கு முன்னால், நீ கணக்கில் தோற்று ரிசல்டோடு வந்து வாசலில் நின்றாய். பையை இறக்கவில்லை. நான் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றுகூடப் பார்க்காமல் அதைச் சொன்னேன். நீ பதில் பேசவில்லை. பை வாரில் பிரிந்திருந்த ஒரு நூலை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டே நின்றாய், விரல் நுனி சிவக்கும்வரை. அந்த விரலை நான் மறக்கவில்லை. அன்று இரவே கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. அடுத்த வருஷம் நீ நல்ல மார்க் வாங்கியபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஏலி நின்ற நிலையில் செய்ததைச் செய்ய எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

என்னை மன்னித்துவிடு. நான் அன்று சொன்னது பொய். நீ என் பிள்ளை, எனக்குப் பிரியமானவள். தோற்று நின்ற அந்த நிமிஷத்திலும் அப்படித்தான் இருந்தாய். யோர்தானில் பிதா "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று சொன்னபோது இயேசு ஊழியத்தைத் தொடங்கியிருக்கவில்லை, ஓர் அற்புதமும் செய்திருக்கவில்லை. இதை எத்தனையோ தடவை வாசித்தும் ஒரு தாயாக எனக்கு உறைக்கவில்லை.

1979-ல் எருசலேமில் ஒரு பழைய கல்லறைக் குகையில் இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. ஏறக்குறைய 2600 வருஷத்துக்கு முந்தையவை. பெரியதை விரித்தாலும் 10 சென்டிமீட்டர்கூட இல்லை. தாயத்துபோல யாரோ அணிந்திருந்து, அவர்களோடு புதைக்கப்பட்டவை என்கிறார்கள். நம் கைக்குக் கிடைத்திருக்கிற வேத வசனங்களில் அவற்றைவிடப் பழைய எழுத்து இல்லை. அதில் கீறியிருந்தது எண்ணாகமம் 6-ல் உள்ள ஆசீர்வாத வார்த்தைகள். ஆசாரியர் ஜனம் முழுவதையும் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தைகள்தான். ஆனாலும் அதில் "உங்களை" என்றில்லை, "உன்னை" என்றுதான் இருக்கிறது. தன் காதில் விழுந்த அந்த "உன்னை"யை யாரோ ஒருவர் கல்லறைவரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்.

"கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." எழுதிவிட்டேன், ஆனால் எழுதினால் மட்டும் போதாது என்று தோன்றுகிறது. இது வாயால் சொல்லக் கொடுக்கப்பட்டது.

சனிக்கிழமை ராத்திரி பேரன் படுக்கப்போகும் நேரத்துக்குப் போன் செய்கிறேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீயும் அவன் பக்கத்தில் உட்கார். மாப்பிள்ளையையும் கூப்பிடு. உங்கள் மூன்று பேரின் பெயரையும் தனித்தனியாகச் சொல்லி ஜெபிக்க வேண்டும். முதலில் உன் பெயரைத்தான் சொல்வேன்.

உன்,
அம்மா