வேம்பில் ஏறியவர்களுக்கும் முத்துப் பொறுக்கியவர்களுக்கும்

போன வாரம் வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, முடிந்தது. ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரே பக்கம்தான், நெறியாளர், துறைத்தலைவர், உதவித்தொகை கொடுத்தவர்கள் என்று எழுதியதுமே இடம் தீர்ந்துவிட்டது. அதுவும் ஆங்கிலத்தில். இங்கே நான் சொல்லப்போகிற பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டவே மாட்டார்கள், அதனால் மீதி நன்றி இங்கே.

முதலில் அருப்புக்கோட்டை பக்கத்து அக்காமார்கள். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது விடியுமுன்பே போய்ப் பொறுக்கி, சதையைக் கழுவி, முத்தை வியாபாரியிடம் போடுகிறவர்கள். அந்த முத்துக்குள் இருக்கிற அசாடிராக்டின் என்கிற வேதிப்பொருள்தான் என் ஆய்வே. பூச்சியைத் தின்னவிடாது, தோலுரிக்கவிடாது. வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது அதற்கு. "நிழல்ல காயப்போடணும் தம்பி, சாக்குல கட்டுனா புழுங்கிப் பூசணம் புடிச்சிரும்" என்று அவர்கள் சொன்னதுதான் என் செய்முறை அத்தியாயத்தின் முதல் பத்தி, கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு மரத்து முத்தையும் தனித்தனியாகப் பழைய சேலைத்துணியில் முடிந்து, முடிச்சில் நூல் நிறத்தை மாற்றி அடையாளம் வைத்துக் கொடுத்தார்கள். கலந்திருந்தால் எல்லாமே வீண், ஏனென்றால் ஒரே கண்மாய்க்கரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற மரங்களுக்குள்ளேயே அசாடிராக்டின் அளவு அவ்வளவு மாறுகிறது. அது மண்ணால் வருகிறதா மரபணுவால் வருகிறதா என்பதுதானே கேள்வி.

அடுத்து மரம் ஏறிய அண்ணன். மரபணு வேலைக்குக் காய்ந்த முத்து உதவாது, பச்சைக் காய் பால் பிடிக்கிற பருவத்தில் வேண்டும், பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டிக்கொடுக்கிற ஆர்என்ஏ சிதைய ஆரம்பித்துவிடும். கோயில் மரம் என்பதால் பூசாரித் தாத்தாவிடம் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். மேலிருந்து கொத்தைக் கிள்ளிப் போடுவார், கீழே நாங்கள் வேட்டியில் பிடித்துக் கேனில் போடுவோம், புகை கிளம்பும், சுற்றி நிற்கிற பிள்ளைகள் கூச்சல் போடும்.

சரி, அந்தக் கிராமத்தில் நைட்ரஜன் ஏது? கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள் அதில்தானே மூழ்கிக் கிடக்கின்றன. நைட்ரஜன் வண்டி என்றைக்கு வரும், யாரிடம் பேச வேண்டும் என்று வழி சொன்ன கால்நடை ஆய்வாளர் சாருக்கு நன்றி, பெயரைச் சொன்னால் அவருக்குத்தான் தொல்லை.

ஆய்வகத்தில், வேம்பின் டிஎன்ஏ பழுப்பு நிறத்தில் கஞ்சி மாதிரி திரண்டு நின்றபோது, பாலிஃபீனால்தான் பிரச்சனை, அதைப் பிடித்துக்கொள்கிற பிவிபி பொடியைக் கூட்டிப் போடு என்ற சீனியர் அக்காவுக்கும், மூலக்கூறின் நிறையை அளக்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இயக்கும் சாருக்கும் நன்றி. அசாடிராக்டினின் நிறை 720. எல்லாரும் ஒரு புரோட்டானைச் சேர்த்து 721-இல் தேடுவார்கள், இது சோடியத்தை ஒட்டவைத்துக்கொண்டு 743-இல் வந்து நிற்கும் என்று ரன் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். மைனஸ் 80 ஃப்ரீசர் நடுராத்திரியில் கூவியபோது போன் செய்த வாட்ச்மேன் அண்ணனை விட்டால் பாவம், அவர் இல்லையென்றால் அத்தனை காயும் போயிருக்கும்.

நேரில் பார்க்காதவர்களும் உண்டு. 1942-இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்த வேதியியலாளர் சலிமுஸ்ஸமான் சித்திக்கி. மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து, வயதான காலத்திலும் சென்னையில் வேம்பின் லிமோனாய்டுகளை (அசாடிராக்டினும் இந்த வகைதான்) பிரித்துக்கொண்டிருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி. 2012-இல் வேம்பின் மரபணுத்தொகுதியை வெளியிட்ட பெங்களூரு கனித் லேப்ஸ் குழு. அவர்கள் அதைப் பொதுவில் வைக்காவிட்டால் என் ஆர்என்ஏ துண்டுகளை எதன்மேல் பொருத்துவது? மரம் அசாடிராக்டினைப் படிப்படியாகச் செய்கிற பாதையைத் தேடுகிற வேறு குழுக்கள், வேம்பின் உறவான மீலியா மரத்தின் நொதிகளைப் புகையிலைக் குடும்பத்துச் செடியின் இலைக்குள் ஓடவிட்டு, 2019-இல் மீலியனால் என்ற படி வரை, 2023-இல் அசாடிரோன் என்ற படி வரை வந்துவிட்டார்கள். அதற்கு மேல் அசாடிராக்டின் வரைக்குமான பாதை இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை, என் பங்கு அதில் ஒரு சந்தேக லிஸ்ட்தான், எந்தெந்த மரபணுவை விசாரிக்கலாம் என்று.

இதே மூலக்கூறை கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழு 22 வருடம் போராடி 2007-இல் செயற்கையாகச் செய்தது என்று மரம் ஏறிய அண்ணனிடம் சொன்னேன். "மரமே வருசா வருசம் போடுதே, அவங்களுக்கு என்ன அவசரம்" என்றார்.

அப்புறம், அக்காமார்களுக்கு ஒன்று. ஆடிக்கு வருகிறேன், எந்த மரத்தில் எவ்வளவு என்று தமிழில் அச்சடித்த தாளோடு. வியாபாரி எல்லா முத்துக்கும் ஒரே விலைதான் போடுகிறார், தெரியும். ஆனாலும் கண்மாய்க்கரை மூன்றாவது மரத்து முத்தை மட்டும் நான் வருவதற்குள் அவரிடம் போட்டுவிடாதீர்கள்.