நம் யித்திஷ் வட்டத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷுக்காக நியூயார்க்கில் நடக்கும் நம் வட்டம் இந்த ஆண்டு செய்தவை இவை. வராத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கை வழக்கம்போல் தபாலில் போகும். வழக்கம்போல் சில உறைகள் திரும்பியும் வரும்.

ஏப்ரலில், 1943இல் வார்சாவில் அடைக்கப்பட்டிருந்த யூதர்கள் நாஜிகளை எதிர்த்து எழுந்த வார்சா கெட்டோ எழுச்சியின் நினைவுக் கூட்டத்துக்கு, ரிவர்சைடு பூங்காவில் இருக்கும் நினைவுக் கல்லருகே, நம் சார்பில் ஆறு பேர் போனோம். மே மாதம் யித்திஷ் கதாசிரியர் ஷோலம் அலைகெம் நினைவு வாசிப்பு, அவர் உயிலில் கேட்டுக்கொண்டபடி சிரிப்புக் கதையாகவே நடந்தது. ஆகஸ்ட் 12 அன்று, 1952இல் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்ட யித்திஷ் கவிஞர்கள் உள்ளிட்ட 13 பேருக்காக மெழுகுவத்தி ஏற்றினோம். யித்திஷ் ஆய்வு நிறுவனமான யிவோவுக்கு இது நூறாவது ஆண்டு என்பதால் ஒரு சிற்றுரையும் இருந்தது. நூலக அலமாரி துடைக்கப்பட்டது.

இனி, கற்பவர் ஒருவரைத் தெரிந்தவர் ஒருவரோடு இணைத்துவிடும் ஆசான்–மாணவர் திட்டம். இதை ‘செயலாளரின் பொம்மை’ என்று ஒரு செயற்குழுக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். நான் அப்போது டீ எடுக்கப் போயிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

யித்திஷ் படிக்க நியூயார்க்கில் வழியா இல்லை என்று கேட்கிறார்கள். இருக்கிறது. யிவோவின் கோடை வகுப்பு 1968இலிருந்து நடக்கிறது. பக்கத்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்டில் இருக்கும் யித்திஷ் புத்தக மையம் 1980இல் தொடங்கி, குப்பைக்குப் போகவிருந்தவை உட்படப் பத்து லட்சத்துக்கு மேல் புத்தகங்களைச் சேர்த்திருக்கிறது. 2016இல் பெரிய ஆங்கில–யித்திஷ் அகராதியும் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து “அப்படியில்லை, இப்படி” என்று சொல்லும் ஆளுக்குத்தான் பஞ்சம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பேசிய மொழி இது. அன்றைக்கு வீட்டு அடுப்பங்கரையில் சும்மா காதில் விழுந்ததையெல்லாம் இன்றைக்கு ஆள் தேடிப் பிடித்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இது நான் கண்டுபிடித்த வழியும் இல்லை. உக்ரைனிலிருந்து 1921இல் வந்த கிளாரினெட் கலைஞர் டேவ் டாராஸ், 1970களில் ஆண்டி ஸ்டாட்மன் என்ற இளைஞருக்குச் சொல்லிக்கொடுத்தார். தன் கிளாரினெட்டுகளையும் அவருக்கே விட்டுச் சென்றார். அமெரிக்காவின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது ஆசானுக்கு 1984இல் கிடைத்தது, மாணவருக்கு 2012இல். அந்த வாத்தியத்தில் அழுகை விம்மி நிற்பது போன்ற ஓர் இழுப்பு உண்டு, ‘க்ரெக்ட்ஸ்’ என்பார்கள். எந்த இசைத்தாளிலிருந்து அதைக் கற்றுக்கொள்வது?

இந்த ஆண்டு மூன்று இணைகள் அமைந்தன.

முதல் இணை ஒரு பாடகி, அவருக்கு 92 வயதில் ஓர் ஆசான். அந்த அம்மா போலந்தில் லூப்ளின் பக்கம் பிறந்தவர், போர்க்காலத்தில் தாஷ்கண்டில் உயிர் பிழைத்தவர். பாடகி புரூக்ளினிலிருந்து டி ரயிலில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, பிராங்க்ஸில் நான்கு மாடி ஏறி, செவ்வாய்தோறும் போவார். இரண்டு முறை நானும் கூடப் போனேன். ஒரு பாட்டில் ஒரு வரி ‘சூரியன்’ என்று முடிகிறது, அடுத்த வரி ‘நான் இருக்கிறேன்’ என்பதில் வரும் வினைச்சொல்லில் முடிகிறது. பாடகி வகுப்பில் கற்றபடி ‘ஸுன்’, ‘பின்’ என்று பாடினார். அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார். “எதுகை எங்கே போச்சு?” என்றார். பாடகி தாளைக் காட்டினார். அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. “எங்க ஊரில் அது ஸின்” என்று சொல்லிவிட்டுத் தானே பாடினார். ஸின், பின். அவ்வளவுதான், பாட்டு பூட்டிக்கொண்டது. போலந்துப் பேச்சில் அந்த ‘உ’ எல்லாம் ‘இ’ ஆகிவிடும் என்று பாடப்புத்தகத்திலும்தான் இருக்கிறது. பாடகி அதைப் படித்தும் இருக்கிறார்.

இரண்டாவது இணை ஓர் ஆய்வு மாணவியும், பத்திரிகையில் அச்சுக்கோத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரும். மாணவி கையில் 1930களில் சோவியத் நகரமான மின்ஸ்கிலிருந்து வந்த குடும்பக் கடிதக் கட்டு. எபிரேயத்திலிருந்து வந்த சொற்களை நாம் பழைய எழுத்துக்கூட்டிலேயே எழுதுகிறோம். சோவியத்தில் அவற்றையும் ஒலிக்கிறபடி எழுதவைத்தார்கள். அதிலும் அவசரக் கையெழுத்து. ஒரு சொல்லை அகராதியில் இரண்டு நாள் தேடிக் கிடைக்காமல், யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று குறித்து வைத்திருந்தார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு “சத்தம் போட்டுப் படி” என்றார். மாணவி படித்தார்: காசெனெ. கல்யாணம்! கடிதம் முழுக்க ஒரு கல்யாணச் செலவுக் கணக்கு. பெரியவர் சிரித்த சிரிப்பில் டீ மேசையில் கொட்டியது. கடிதங்கள் நனையவில்லை, கவலைப்பட்ட உறுப்பினருக்காக இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது இணை புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில், மரபை இறுகப் பிடித்த யூதப் பிரிவான ஹசீதியக் குடும்பத்தில் வளர்ந்து கதை எழுத வந்த இளைஞர். அவருக்கு யித்திஷ் தாய்மொழி, ஆசானுக்கோ கல்லூரியில் கற்ற மொழி. ஆசான் அவருடைய எழுத்துக்கூட்டைத் திருத்த, அவர் ஆசானுடைய பேச்சைத் திருத்த, பாதி நேரம் சண்டையில் போகிறது. இந்த இணை தேறாது என்று ஒரு செயற்குழு உறுப்பினர் சொன்னார். என் கணக்கில் மூன்றில் இதுதான் நன்றாக நடக்கிறது.

நவம்பரில் மூன்று இணைகளும் தங்கள் வேலையைக் காட்டும் மாலை நடந்தது. நாற்பது நாற்காலி போட்டோம், பதினேழு நிறைந்தன. அதில் ஆறு, இணைகளே உட்கார்ந்தவை. சென்ற பொதுக்குழுவில் இந்தத் திட்டத்துக்குக் கை தூக்கியவர்கள் எத்தனை பேர் என்பது நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது, நான் இங்கே எண்ணவில்லை. அன்று மழை என்றார்கள். மழைதான். அந்த 92 வயது அம்மாவும் அதே மழையில்தான் வந்தார்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். கொஞ்சம் துண்டு விழுந்ததைப் பழைய இருப்பிலிருந்து சரிக்கட்டினோம். ஹெர்ரிங் மீன், ரொட்டி வாங்கிய ரசீதுகளில் சில கிடைக்கவில்லை. விவரம் பொருளாளரிடம் உள்ளது, கேட்பவர்கள் தயவுசெய்து அவரை அமைதியாகக் கேட்கவும்.

சந்தாவைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்டுக்கு 36 டாலர். 18 என்பது ‘உயிர்’ என்ற எபிரேயச் சொல்லின் எழுத்து மதிப்பு, அதன் இரட்டிப்பு 36, ஆகவே நல்ல எண் என்று பெரியவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் 10 டாலர் அனுப்பியிருந்தார். ஓர் உயிர்கூட முழுதாக வந்து சேரவில்லை. மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்கள் சிலர் தவறாமல் மின்னஞ்சலில் ஆலோசனை அனுப்புகிறார்கள். ஆலோசனைகள் கோப்பில் சேர்க்கப்பட்டன.

கூடத்தை வாடகை ஏற்றாமல் தந்தவர்களுக்கும், துணைத்தலைவருக்கும், நாற்காலி மடித்தவர்களுக்கும், வழக்கம்போல் கேக் கொண்டுவந்தவருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கற்க வர ஐந்து பேர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள், ஆசான்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் பாட்டி, பெரியப்பா யாராவது யித்திஷ் பேசினால், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்களே முடிவு செய்துவிடாமல் என்னிடம் சொல்லுங்கள். 2025இல் ரயில் கட்டணம் ஒரு தடவைக்கு 2.90 டாலராக இருந்தது, போக வர 5.80. ஒரு முழுச் சந்தா ஆறு செவ்வாய்க்கிழமைக்கு வந்தது, சில்லறையும் மிஞ்சியது. அம்மா குளிர்காலச் செவ்வாய்களையும் ஒதுக்கி வைத்துவிட்டார். நாட்காட்டியில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருப்பதை நானே பார்த்தேன்.

என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. வேறு யாராவது பொறுப்பேற்க முன்வந்தால் சாவியையும் கோப்புகளையும் இன்றே தந்துவிடுகிறேன். உறைகளும் ஒரு பேனாவும் டீ மேசையருகே இருக்கின்றன. பேனா எழுதும், நான் எழுதிப் பார்த்துவிட்டேன்.

செயலாளர்